ரொமான்ஸ் நாவலும் 5 ஷில்லிங் ஃபைனும்

கேள்வி: அக்கா, நான் ஸ்கூல் டீச்சர், சிஎஸ்ஐ குடும்பம். பிள்ளைங்க தூங்கினதும் ஃபோன்ல அமெரிக்காவோட காலனி காலத்துல நடக்கிற கிறிஸ்தவ ரொமான்ஸ் நாவலா தேடித்தேடிப் படிக்கிறேன். வேதம் வாசிக்கிற நேரத்துல என்ன காதல் கதைன்னு மாமியார் கேக்கறாங்க, எனக்கே உறுத்துது. இது தப்பா? அப்புறம் அதுல வர்றதெல்லாம் நிஜமாவே அப்படித்தான் இருந்துச்சா? (ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: தங்கச்சி, ரெண்டாவது கேள்விக்கு முதல்ல வர்றேன், ஏன்னா நானும் இந்த மாதிரி நாவல் நிறைய படிச்சவதான், மாட்டிக்கிட்டது அங்கதான்.

மாசசூசெட்ஸ்ல பியூரிட்டன் (ரொம்பக் கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவங்க) கிராமம், பனி கொட்டுது, கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஹீரோ புரொபோஸ் பண்றான்னு வந்தா சிரிச்சுட்டு பக்கத்தைத் தள்ளுங்க. 1659-ல இருந்து 1681 வரைக்கும் அங்க கிறிஸ்துமஸ் கொண்டாடினா 5 ஷில்லிங் ஃபைன்! வேதத்துல இல்லாத பண்டிகைன்னு அவங்க வாதம். சர்ச்ல மோதிரம் மாத்தி கல்யாணம்னாலும் சந்தேகப்படுங்க, அவங்களுக்குக் கல்யாணம்ங்கறது ஒரு சிவில் ஒப்பந்தம், பாதிரியார் இல்ல மாஜிஸ்ட்ரேட்தான் நடத்தி வைப்பாரு.

வர்ஜீனியா கதைல கப்பல்ல மணப்பொண்ணுங்க வந்து இறங்குறது மட்டும் கட்டுக்கதை இல்ல. 1621-ல அந்தக் காலனியை நடத்தின வர்ஜீனியா கம்பெனி 57 பொண்ணுங்களை இங்கிலாந்துல இருந்து அங்க இருக்கிற ஜேம்ஸ்டவுனுக்கு அனுப்புச்சு, கட்டிக்கறவன் ஒரு பொண்ணுக்கு 150 பவுண்டு எடை நல்ல புகையிலை கம்பெனிக்குக் குடுக்கணும், (நம்ம ஊர் கணக்குக்கு அப்படியே உல்டா!) ஆனா பொண்ணுக்கு இஷ்டமில்லாம கட்டி வைக்கக்கூடாதுன்னும் கம்பெனி சொல்லிருந்துச்சு, அதனால நாவல் எழுதறவங்களுக்கு இது அல்வா மாதிரி. ஆனா அடுத்த வருஷம் மார்ச்லயே, தங்களோட நிலத்துக்காக அங்கத்த பூர்வகுடி மக்கள் தாக்கினதுல குடியேறினவங்க 347 பேர் செத்தாங்க, அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் வருஷக்கணக்கா சண்டை. பல நாவல்ல இந்த மக்கள் ஒண்ணு பயமுறுத்த வருவாங்க, இல்ல கடைசி அத்தியாயத்துல ஞானஸ்நானம் வாங்க வருவாங்க, அவ்ளோதான்.

எனக்கு ரொம்ப உறுத்தினது வேற. ஹீரோ ஜெபம் பண்றான், வசனம் சொல்றான், பெரிய புகையிலைத் தோட்டம் வச்சிருக்கான், சரி, அந்தப் புகையிலையைப் பறிச்சது யாரு? 1619-லயே ஆப்பிரிக்கர்களைப் பிடிச்சுட்டு வந்து வர்ஜீனியாவுல இறக்கிட்டாங்க. 1667-ல அங்க ஒரு சட்டமே போட்டாங்க, ஞானஸ்நானம் வாங்கினாலும் அடிமை அடிமைதான், விடுதலை கிடையாதுன்னு. கிறிஸ்தவ நாவல்னு பேர் வச்சுட்டு இதைத் தொடாமப் போனா அது எழுத்தாளரோட சோம்பேறித்தனம்னுதான் சொல்வேன். தொட்டு எழுதறவங்களும் இருக்காங்க, அவங்களைத் தேடிப் படிங்க. புதுசா ஒண்ணு ஆரம்பிச்சா முதல் அம்பது பக்கத்துக்குள்ள அந்த வீட்டுல யார் சமைக்கிறா, யார் தண்ணி தூக்கறான்னு பாருங்க, எழுதறவங்க யோக்கியதை தெரிஞ்சுடும்.

அந்தக் காலத்துல நிஜக் காதலே இல்லையான்னா இருந்துச்சு. ஆன் பிராட்ஸ்ட்ரீட்னு ஒரு பியூரிட்டன் அம்மா 1630-ல கப்பல் ஏறி மாசசூசெட்ஸ் வந்தவங்க, எட்டு பிள்ளைங்க பெத்தவங்க, புருஷன் மேல எழுதின கவிதையைப் படிச்சீங்கன்னா உங்க நாவல் ஹீரோயின் எல்லாம் பிச்சை வாங்கணும். பக்தியும் இருந்துச்சு, புருஷன் மேல அவ்ளோ ஆசையும் இருந்துச்சு, அவங்களுக்கு ரெண்டும் முட்டிக்கல.

இப்போ முதல் கேள்வி. தப்பெல்லாம் இல்லம்மா, காலைல கிளாஸ்ல தூங்கி வழியாம இருந்தா சரி. மாமியார் மறுபடி கேட்டா கோவப்படாம வேதத்துல ரூத் 3-ம் அதிகாரத்தை எடுத்து அவங்களையே சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. குளிச்சு, எண்ணெய் பூசி, நல்ல துணி உடுத்திக்கிட்டு ராத்திரி போவாஸோட (பின்னாடி ரூத்தைக் கட்டிக்கிட்டவர்) களத்துக்குப் போன்னு ரூத்துக்கு ஐடியா குடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க, மாமியார் நகோமிதான்!