சர்வீஸ் ஹிஸ்டரி இருக்குன்னு சொன்னா போதுமா? பழைய கார் கேள்வி-பதில்

கேள்வி: வணக்கம் அண்ணா, நான் ஈரோடு. இங்க பழைய கார் வாங்கி விக்கற ஒரு கன்சல்டிங்ல 2017 ஸ்விஃப்ட் டீசல் பாத்திருக்கேன், சிங்கிள் ஓனர், மீட்டர்ல 58,000 கிலோமீட்டர் தான் காட்டுது. ஃபுல் ஷோரூம் சர்வீஸ்னு சொல்றாங்க, சர்வீஸ் புக்ல சீல் எல்லாம் இருக்கு. ஹிஸ்டரி கேட்டதுக்கு வாட்ஸப்ல ஒரு பக்கம் அனுப்பினாங்க, அதுல கடைசி என்ட்ரி 2021 பிப்ரவரி, 51,400 கிலோமீட்டர். இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க, நாளைக்கே 10,000 டோக்கன் அட்வான்ஸ் போட்டுடுங்கங்கறாங்க. போடலாமா?

பதில்: நாளைக்கு போடாதீங்க தம்பி. வண்டி மோசம்னு நான் சொல்லல, ஆனா அவங்க அனுப்புன அந்த ஒரு பக்கமே உங்களுக்கு பெரிய கேள்விய எடுத்து குடுக்குது. 2017ல இருந்து 2021 பிப்ரவரி வரைக்கும் 51,400, அதாவது நடுவுல லாக்டவுன் வந்தும் வருஷத்துக்கு சுமாரா 13,000 ஓடிருக்கு. அப்படி ஓடுன வண்டி அதுக்கப்புறம் இத்தனை வருஷத்துல மொத்தமே 6,600 தான் ஓடுச்சுன்னா ஏன்னு கேக்கணும்ல. ஓனர் வெளிநாடு போயிருக்கலாம், வீட்ல இன்னொரு கார் வாங்கிருக்கலாம், அப்படி நிறைய நடக்குது. இல்லன்னா வெளி மெக்கானிக்கிட்ட விட்டு நல்லா ஓட்டிட்டு விக்கறதுக்கு முன்னாடி மீட்டர குறைச்சிருக்கலாம், அதுவும் நடக்குது.

இதுல இன்னொன்ன பலபேர் கவனிக்கறதில்ல. மீட்டர் உண்மையாவே இருக்கட்டும், மாருதில 10,000 கிலோமீட்டர் இல்லன்னா ஒரு வருஷம், எது முன்னாடி வருதோ அதுக்கு சர்வீஸ் விடணும். வண்டி ஓடாம நின்னாலும் வருஷா வருஷம் ஆயில் மாத்தணும். அந்த டீசல் இன்ஜின்ல டர்போ இருக்கு, பழைய ஆயில்ல ஓட்டிட்டே இருந்தா முதல்ல அடி வாங்கறது அதுதான். அதனால 2021க்கு அப்புறம் எங்க சர்வீஸ் பண்ணீங்க, யாரு பண்ணாங்க, பில் எங்கன்னு கேளுங்க, எப்படி பாத்தாலும் இதுக்கு பதில் வந்தாகணும். ஃப்ரீ சர்வீஸும் வாரண்டியும் முடிஞ்சதும் வெளிய விடறது நம்ம ஊர்ல சகஜம், அது தப்பே கிடையாது, நல்ல மெக்கானிக் ஒழுங்கா பாத்த வண்டி ஷோரூம் வண்டிய விட நல்லாவே இருக்கும். ஆனா "ஃபுல் ஷோரூம் சர்வீஸ்"னு சொல்லிட்டு ஹிஸ்டரி 2021ல நின்னா அந்த வார்த்தைய அவங்க முதல்ல மாத்திக்கணும்.

சர்வீஸ் புக் சீல வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, சீல் செய்யறது ஒரு வேலையே இல்ல. வாட்ஸப்ல வர்ற பிடிஎஃப், ஸ்க்ரீன்ஷாட்டும் அப்படித்தான். ஆர்சில பேர் இருக்கற ஓனர்கிட்ட நேரா பேசுங்க, கன்சல்டிங்காரர் நம்பர் தர மறுத்தா அதையும் மனசுல வச்சுக்கோங்க. ஓனர் போன்ல கம்பெனி ஆப் இருந்தா உங்க கண் முன்னாடி திறந்து காட்ட சொல்லுங்க. இல்லன்னா வண்டிய அதே கம்பெனியோட ஏதாவது ஒரு சர்வீஸ் சென்டருக்கு கொண்டு போய், காசு கட்டி செக்கப் போட்டு, ஓனர் சம்மதத்தோட ஹிஸ்டரிய அங்கயே எடுக்க சொல்லுங்க. ஆர்சில இருக்கற சேசிஸ் நம்பர், வண்டில அடிச்சிருக்கற நம்பர், ஹிஸ்டரில இருக்கற நம்பர், மூணும் ஒண்ணா இருக்கணும்.

ஹிஸ்டரி ஷீட் கைக்கு வந்ததும் எல்லாரும் கிலோமீட்டர் மட்டும் தான் பாக்கறாங்க, வேலை என்ன, பில் எவ்வளவுங்கறதையும் படிங்க. பீரியாடிக் சர்வீஸ்னா ஆயில், ஃபில்டர். ரன்னிங் ரிப்பேர்னா சின்ன சின்ன வேலை. பாடி அண்ட் பெயின்ட்னு போட்டு பெரிய தொகை இருந்தா வண்டி அடி வாங்கிருக்குன்னு அர்த்தம், பம்பர் மட்டுமா, இல்ல முன்னாடி ஏப்ரன் (இன்ஜினுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற உள் தகடு), சேசிஸ் வரைக்கும் போச்சான்னு பார்ட்ஸ் லிஸ்ட்ட கேட்டு பாருங்க.

அதே மாதிரி இன்சூரன்ஸ் பேப்பர கண்டிப்பா கேளுங்க. அதுல நோ க்ளைம் போனஸ்னு ஒரு வரி இருக்கும். க்ளைம் பண்ணாம வருஷம் போகப் போக 20, 25, 35, 45, 50 சதவீதம்னு ஏறும், க்ளைம் பண்ணா அடுத்த வருஷம் பூஜ்யம். சிங்கிள் ஓனர், ஒரு கீறல் கூட இல்லன்னு சொல்ற 2017 வண்டிக்கு போனஸ் பூஜ்யமோ 20ஓ இருந்தா கேள்வி கேளுங்க. பாலிசி காலாவதி ஆகி 90 நாளுக்கு மேல புதுப்பிக்காம விட்டாலும் போனஸ் போயிடும், போனஸ் போகாம இருக்கன்னே தனி கவரும் விக்கறாங்க, அதனால இத ஒண்ண மட்டும் வச்சு தீர்ப்பு சொல்ல முடியாது, ஹிஸ்டரியோட சேத்து வச்சு பாக்கணும். உதாரணத்துக்கு, முழு ஹிஸ்டரி எடுத்தப்ப 2022 ஆகஸ்ட்ல பாடி வேலை, அடுத்த பாலிசில போனஸ் பூஜ்யம்னு ரெண்டும் ஒத்துப் போனா அப்ப நடந்தது என்னன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

கடைசியா வண்டியவே பாருங்க. டயர் சைடுல டிஓடி எழுத்துக்கு கடைசில நாலு நம்பர் இருக்கும், 2319னா 2019ம் வருஷம் 23வது வாரம் தயாரான டயர். 51,400ல டயர் மாத்துனதா பில் இருந்து, இப்ப வண்டில இருக்கறது போன வருஷ டயர்னா நடுவுல 6,600 தான் ஓடுச்சுங்கறது இடிக்குது. க்ளட்ச் பெடல் ரப்பர், ஸ்டியரிங், கியர் நாப் தேய்மானத்தையும் பாருங்க, பேட்டரி தேதிய பாருங்க, கதவு ஓரத்துல ஆயில் மாத்துன ஸ்டிக்கர் ஒட்டிருந்தா அதுல கிலோமீட்டர் எழுதிருக்கும், கிழிக்க மறந்துடுவாங்க. ஸ்கேனர் வச்சிருக்கற மெக்கானிக்க கூட்டிட்டு போங்க, சில வண்டிகள்ல மீட்டர் தவிர வேற கன்ட்ரோல் யூனிட்லயும் (வண்டிக்குள்ள இருக்கற குட்டி கம்ப்யூட்டர்) ஓட்டம் பதிவாகி இருக்கும், எல்லா வண்டிலயும் கிடைக்காது.

இவ்வளவும் பாத்து எல்லாம் ஒத்துப் போச்சுன்னா தாராளமா எடுங்க தம்பி. அந்த இன்னொரு பார்ட்டி எடுத்துட்டு போனா போகட்டும்.

கேள்வி: சார், சென்னை ரெஜிஸ்ட்ரேஷன் வண்டி, சேலத்துல விலைக்கு வருது, மார்க்கெட்ட விட 80,000 கம்மி. ஹிஸ்டரில 2023 அக்டோபருக்கு அப்புறம் எதுவும் இல்ல. தண்ணில நின்ன வண்டியா இருக்குமோன்னு பயமா இருக்கு.

பதில்: உங்க பயம் நியாயமானது. 2023 டிசம்பர் ஆரம்பத்துல மிக்ஜாம் புயல் வெள்ளம் சென்னைல, அதே மாசம் நடுவுல தூத்துக்குடி திருநெல்வேலி பக்கம் வெள்ளம், ரெண்டுலயும் நிறைய கார் மூழ்குச்சு. ரிப்பேர் பண்ணி பிரயோஜனம் இல்லன்னு இன்சூரன்ஸ்ல டோட்டல் லாஸ் ஆன வண்டிங்க ஏலத்துல போய், சுத்தம் பண்ணி வேற ஊர்ல விலைக்கு வரும். சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்து பாருங்க, உள்ள சுருண்டிருக்கற பகுதில சேறு கறை இருக்கும், அத யாரும் கழுவறதில்ல. சீட் ரெயில் போல்ட்ல துரு, கார்ப்பெட்டுக்கு அடியில ஈரவாடை, ஸ்டெப்னி குழில மண், இதெல்லாம் பாருங்க. உள்பக்கம் மட்டும் எல்லாமே புதுசா, வாசனை ஸ்ப்ரே தூக்கலா இருந்தா இன்னும் கவனமா பாருங்க. ஒரு அறிகுறி தெரிஞ்சாலும் விட்டுடுங்க, ஒயரிங் வேலை பின்னாடி வருஷக்கணக்குல உங்கள அலைய விடும், அந்த 80,000 அதுலயே போயிடும்.

கேள்வி: நான் மதுரை. கன்சல்டிங்ல கார் வாங்கி மூணு மாசம் ஆச்சு. இப்ப தான் ஹிஸ்டரி எடுத்தேன், நான் வாங்குனப்ப மீட்டர் 64,000, ஹிஸ்டரில அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே 1,12,000. அவங்க போன் எடுக்க மாட்டேங்கறாங்க. ஏதாவது செய்ய முடியுமாங்க?

பதில்: முடியும்மா, தைரியமா இருங்க. சர்வீஸ் சென்டர்ல சீல் போட்ட ஹிஸ்டரி, டெலிவரி அன்னைக்கு எடுத்த மீட்டர் போட்டோ, அவங்க 64,000 ஜெனியூன்னு அனுப்புன வாட்ஸப் மெசேஜ், விளம்பரம், பணம் குடுத்த ரசீது எல்லாத்தையும் முதல்ல சேத்து வைங்க. எழுத்துல ரிஜிஸ்டர் தபால்ல நோட்டீஸ் அனுப்பிட்டு 1915 தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் போடுங்க. மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க குடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கிடையாது, ஆன்லைன்ல ஈ-ஜாக்ரிதிங்கற அரசு நுகர்வோர் தளத்துல போடலாம், வக்கீல் இல்லாமலும் நீங்களே வாதாடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். தொழிலா விக்கற கடைக்காரர் மேல தான் இந்த வழி, தனி ஆள்கிட்ட நேரா வாங்கினவங்களுக்கு போலீஸ் புகார் இல்லன்னா சிவில் கோர்ட்.

ஆர்சி உங்க பேருக்கு மாறிடுச்சான்னு சொல்லல நீங்க. மாறலன்னா அத இந்த வாரமே பாருங்க, பேர் மாத்தறதுக்கான ஃபார்ம் 29, 30ல பழைய ஓனர் கையெழுத்து வாங்கிட்டீங்களா, லோன் இருந்திருந்தா பேங்க் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லன்னு தர்ற கடிதம்) ஆர்சில லோன் பதிவ நீக்கற ஃபார்ம் 35ம் இருக்கான்னு பாத்துட்டு அடுத்த வாரம் எழுதுங்க.