வடிகானில் இரண்டு குழாய், வீட்டுக்குள் வெள்ளம்

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் வடிகானை ஒட்டிய ஒழுங்கை எங்களுடையது. பக்கத்துக் காணியில் அடுக்குமாடி கட்டியவர்கள், வாகனம் போய்வர அங்கிருந்த பழைய மதகை உடைத்துவிட்டு இரண்டு ஹியூம் குழாய்களைப் போட்டு மேலே கொங்கிறீட் ஊற்றிவிட்டார்கள். பழைய மதகின் வாய் 8 அடி அகலம், 4 அடி உயரம். குழாய்கள் 3 அடி விட்டம். இப்போது சாதாரண மழைக்கே வீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் மற்ற அலுவலகத்தைக் கைகாட்டுகிறார்கள். நஷ்டஈடு வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் அதில் தொடங்காதீர்கள். நஷ்டஈட்டு வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் இழுபடும். அதுவரை குழாய் அங்கேயேதான் கிடக்கும்.

அளந்து எழுதினீர்களே, அதுதான் உங்கள் பலம். பழைய வாய் 32 சதுர அடி. இரண்டு குழாயும் சேர்ந்தால் ஏறக்குறைய 14 சதுர அடி. பாதிகூட இல்லை. அதிலும் ஒரு கிளை குறுக்கே சிக்கி, அதில் நாலு பொலித்தீன் பை சுற்றிக்கொண்டால் மிச்சமும் போச்சு. அளவு நாடாவைக் குழாயின் வாயில் பிடித்தபடி, மழையில்லாத நாளில் படமெடுத்து வையுங்கள்.

அடுத்தது அனுமதிப் பத்திரம். நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் (1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கம்) 8J பிரிவின்படி, அபிவிருத்திப் பிரதேசத்தில் (அந்தச் சட்டத்தின் கீழ் பிரகடனம் செய்த பகுதியில்) அனுமதியின்றி எந்தக் கட்டுமான வேலையும் செய்ய முடியாது. தனியாருக்கு மட்டுமல்ல, அரச நிறுவனங்களுக்கும் இதே விதிதான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதிகார சபை, மாநகர சபை, காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் மூன்றுக்கும் ஒரே கேள்வியை அனுப்புங்கள்: இந்த மதகுக்கு அனுமதி கொடுத்தது யார், அங்கீகரித்த வரைபடத்தில் அதன் உள்ளளவு என்ன? 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். வாயால் கைகாட்டுவது சுலபம்; கையெழுத்து வைத்து எழுத்தில் கைகாட்டப் பலர் துணிவதில்லை.

அனுமதியே இல்லை, அல்லது கட்டியது வரைபடத்துக்கு மாறு என்றால் 28A பிரிவின் கீழ், அகற்றச் சொல்லி நீதவானிடம் கட்டளை கேட்க அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு. எழுத்தில் முறையிட்ட பிறகும் அசையாவிட்டால் அதிகார சபையை அதன் கடமையைச் செய்யச் சொல்லி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) மனு போடலாம். செலவு கொஞ்சம் கூடத்தான்.

உங்களுக்கு அதைவிடக் கிட்டிய வழி நீதவான் நீதிமன்றம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் (1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம்) 98ஆம் பிரிவின் கீழ், பொதுமக்கள் பயன்படுத்தும் கால்வாயிலோ பொது இடத்திலோ உள்ள சட்டவிரோதத் தடையை அகற்றச் சொல்லி நீதவான் நிபந்தனைக் கட்டளை (அகற்று, இல்லையேல் வந்து ஆட்சேபி என்ற கட்டளை) போடலாம். எதிர்த்தரப்பு ஆட்சேபிக்க வந்தால் விசாரணை நடக்கும். “இது எங்கள் சொந்தக் கான்” என்ற வாதம் கட்டாயம் வரும். அதனால் அது பொது வடிகான்தான் என்று காட்ட உங்கள் காணி உறுதியிலுள்ள எல்லை விபரத்தையும் நில அளவை வரைபடத்தையும் முன்கூட்டியே எடுத்துவையுங்கள். ஒழுங்கையில் தண்ணீர் ஏறிய மற்ற வீட்டார்களிடமும் சத்தியக்கடதாசி வாங்குங்கள். ஒரு வீட்டின் முறைப்பாட்டை அயலவர் சண்டையாக்கிவிடுவார்கள்.

யாரைப் பிரதிவாதியாக்குவது என்பதிலும் கவனம். வீடுகள் விற்கப்பட்டிருந்தால், கட்டியவரோடு அடுக்குமாடியின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தையும் (வீட்டுச் சொந்தக்காரர்களின் நிர்வாக அமைப்பு) சேர்க்க வேண்டிவரலாம். அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருப்பார்கள்; மனுவுக்கு முன் ஒருதரம் பேசிப் பாருங்கள், பெரிய வாயுள்ள மதகுக்குச் சம்மதித்தாலும் சம்மதிப்பார்கள்.

நஷ்டஈட்டுக்குச் சேதம் நேர்ந்து 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். பழுதான தளபாடம், மின்சாதனம் எல்லாவற்றின் படங்களையும் பற்றுச்சீட்டுகளையும் திகதிவாரியாக ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.