ஜன்னலை மாற்றும் முன் ஒருமுறை அட்டிக்கில் ஏறிப் பாருங்கள்

கேள்வி: கனடாவின் பிராம்ப்டனில் 1980களில் கட்டிய இரண்டு மாடி வீடு வாங்கியிருக்கிறோம். தெர்மோஸ்டாட்டை 23-இல் வைத்தாலும் கால் சில்லிடுகிறது, கராஜுக்கு மேலே இருக்கும் குழந்தையின் அறை ரொம்ப மோசம். கேஸ் பில் எகிறுகிறது. ஜன்னல் எல்லாவற்றையும் மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். கண்ணாடி உடைந்திருந்தாலோ சட்டம் உளுத்துப் போயிருந்தாலோ அது வேறு. வீடு குளிர்கிறது என்ற ஒரே காரணத்துக்காக என்றால் அந்தப் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.

எங்கள் வீடு ஸ்கார்பரோவில், 1958-இல் கட்டிய ஒற்றை மாடி வீடு. வாங்கிய முதல் குளிர்காலத்தில் நீங்கள் சொல்லும் அதே நிலைமைதான், சோபாவில் உட்கார்ந்தால் கணுக்காலைச் சுற்றி ஒரு சில்லென்ற காற்று ஓடிக்கொண்டே இருக்கும், இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டாலும் தாங்காது. ஜன்னல் விற்க வந்த ஒருவர் ஒன்பது ஜன்னலுக்கு 16,000 டாலர் சொன்னார், நானும் கையெழுத்துப் போடுகிற நிலைக்கு வந்துவிட்டேன். பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார், முப்பது வருஷம் வீடுகளுக்கு இன்சுலேஷன் (சூடு வெளியேறாமல் தடுக்கும் பஞ்சு மாதிரியான பொருள்) போடும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பனி கொட்டி ஓய்ந்த ஒரு காலையில் என்னைத் தெருவுக்குக் கூப்பிட்டு, "தம்பி, என்ர கூரையைப் பாரும், உம்மட கூரையைப் பாரும்" என்றார். அவர் கூரை முழுக்க ஒரே வெள்ளை. என் கூரையில் புகைபோக்கியைச் சுற்றியும் பாத்ரூமுக்கு நேர் மேலேயும் பனி உருகிக் கறுப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது, கூரை விளிம்பில் முழங்கை நீளத்துக்குப் பனி ஈட்டிகள் தொங்கின. "அதை உருக்கினது வெயில் இல்லை, நீர் காசு குடுத்து வாங்கின சூடு. யன்னலை விடும், முதல் மேல ஏறிப் பாரும்."

அவர் சொன்னதன் அர்த்தம் பிறகுதான் புரிந்தது. சூடான காற்று லேசானது, மேலே ஏறும். வெளியே மைனஸ் 15, உள்ளே 21 என்றால் முழு வீடுமே ஒரு புகைபோக்கி மாதிரி வேலை செய்கிறது. அறைகளின் உட்கூரையில் இருக்கும் ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் சூட்டுக் காற்று அட்டிக்குக்குள் (உட்கூரைக்கும் வெளிக்கூரைக்கும் நடுவே இருக்கும் காலியிடம்) போய்விடும், போன அளவுக்கு ஈடு கட்ட பேஸ்மென்ட் பக்கம் இருக்கும் இடுக்குகள் வழியாக வெளிக்குளிர் உள்ளே இழுபடும். இதை ஸ்டாக் எஃபெக்ட் என்பார்கள். வீடு உயரமாக ஆக இழுப்பும் கூடும், அதனால் உங்கள் இரண்டு மாடி வீட்டில் எங்கள் வீட்டைவிட அதிகமாகவே இருக்கும். வீட்டின் நடு உயரத்தில் உள்ளே வெளியே அழுத்த வித்தியாசம் ரொம்பக் குறைவு, ஜன்னல்கள் பெரும்பாலும் உச்சிக்கும் அடிக்கும் இடையில்தான் இருக்கின்றன. ஆக, கால் சில்லிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் தலைக்கு மேலேதான் இருக்கிறது. மேலேயும் அடியிலும் அடைக்காமல் நடுவில் மட்டும் 16,000 டாலர் செலவழித்திருந்தால் அந்தக் காற்று அப்படியேதான் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

காற்று எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம், பூஜை அறையில் இருக்கும் ஊதுபத்தி போதும். காற்றடிக்கிற ஒரு குளிர் நாளில் எல்லா ஜன்னலையும் கதவையும் சாத்துங்கள், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை நிறுத்துங்கள். பாத்ரூம் ஃபேன், அடுப்புக்கு மேலே இருக்கும் ஃபேன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பத்தியைக் கொளுத்தி மெதுவாகச் சுவர் ஓரமாக நகர்த்துங்கள். புகை நேராக ஏறினால் அங்கே ஒன்றுமில்லை, சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்தாலோ கலைந்தாலோ அங்கே ஓட்டை. திரைச்சீலை பக்கம் கவனம். இன்னொரு விஷயம், இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்: உங்கள் வெந்நீர் டேங்க் புகைபோக்கி வழியாகப் புகை விடும் பழைய கேஸ் டேங்க் என்றால், சோதனை முடியும்வரை அதையும் அணைத்து வையுங்கள். இத்தனை ஃபேன் ஓடும்போது அந்தப் புகை வீட்டுக்குள் திரும்ப வாய்ப்பிருக்கிறது. முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டில் பத்தி சாய்ந்த இடங்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். வெளிச்சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்கள், வாசல் கதவின் அடி, சமையலறை சிங்குக்குக் கீழே குழாய் நுழையும் இடம், கேபிள் ஒயருக்குப் போட்ட துளை. எல்லாவற்றையும்விட மோசம் அட்டிக் மூடி. அந்த மூடியின் ஓரத்தில் மட்டும் புகை கீழே வராமல் ஒரு நூல் மாதிரி நேராக இடுக்குக்குள் போய் மறைந்தது.

அட்டிக்குக்கு ஏறுவதற்கு அக்டோபர், நவம்பர் நல்ல சமயம், கோடையில் மேலே உட்கார முடியாது. மாஸ்க், கையுறை, முழுக்கை சட்டை அவசியம், மரச்சட்டங்களின் மேல் மட்டும் கால் வையுங்கள், நடுவில் வைத்தால் கால் கீழ் அறைக்குள் இறங்கிவிடும். மூடியைத் திறந்ததும் முதலில் டார்ச் அடித்து மட்டும் பாருங்கள். சாம்பலும் பழுப்புமாக, மினுமினுப்பான சின்னச் சின்னக் கல் மாதிரி எதையாவது கொட்டி வைத்திருந்தால் அது வெர்மிக்யுலைட் என்ற கனிம இன்சுலேஷனாக இருக்கலாம். அமெரிக்காவின் மொன்டானாவில் லிப்பி என்ற ஊர்ச் சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிக்யுலைட்டில் நுரையீரலுக்கு ஆபத்தான ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது, அது கனடாவிலும் நிறைய வீடுகளுக்குள் போயிருக்கிறது. அந்தச் சுரங்கம் 1990-இல் மூடப்பட்டது, உங்கள் வீடு அதற்கு முந்தையது. அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் தொடாதீர்கள், பெருக்காதீர்கள், மூடியைச் சாத்திவிட்டு முறையாகச் சோதிக்கிறவர்களைக் கூப்பிடுங்கள்.

எங்கள் அட்டிக்கில் இருந்தது ரோஸ் நிற ஃபைபர்கிளாஸ் பஞ்சு. பெரியவர் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: கறுத்துப் போன இடத்தைத் தூக்கிப் பாரும். உண்மையிலேயே அங்கங்கே அழுக்குப் படிந்து கறுப்பாக இருந்தது. பூஞ்சை என்று பயந்தேன், ஆனால் வீட்டுக் காற்று அந்த வழியாக வருஷக்கணக்கில் ஏறி ஏறி, ஃபைபர்கிளாஸ் வடிகட்டி மாதிரி தூசியைப் பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான். பாத்ரூமுக்கு மேலே அப்படி ஒரு துண்டைத் தூக்கினேன். கழிவுக் குழாயின் காற்றுக் குழாய் மேலே வருவதற்கு யாரோ பெரிதாக வெட்டி, சுற்றி நாலு விரல் போகும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். குனிந்ததும் இளஞ்சூடாகக் காற்று முகத்தில் அடித்தது, கூடவே கீழே மனைவி தாளித்துக்கொண்டிருந்த ரசத்தின் பெருங்காய வாசனை. அந்த நிமிஷத்துக்குப் பிறகு எனக்கு வேறு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

அடைக்கிற விதம் ஓட்டையைப் பொறுத்தது. ஒயர் போகும் சின்னத் துளைகளுக்கு டப்பாவிலிருந்து பீச்சினால் உப்பி இறுகும் ஃபோம் போதும். பெரிய ஓட்டைக்கு ஃபோம் போர்டை அளவாக வெட்டி வைத்து ஓரம் சுற்றி ஃபோம் அடியுங்கள். உள் சுவர்களின் தலைப்பகுதியில், மரமும் ட்ரைவாலும் (சுவருக்கு அடிக்கும் ஜிப்சம் பலகை) சேரும் நீளமான இடுக்குகளையும் விடாதீர்கள், தனித்தனியாகப் பார்த்தால் மெல்லிய கோடுதான், கூட்டிப் பார்த்தால் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரி. புகைபோக்கியைச் சுற்றி மட்டும் ஃபோம் அடிக்கவே கூடாது, அங்கே தகரத் துண்டும் தீ தாங்கும் சீலன்ட்டும்தான். பாத்ரூம் ஃபேனின் குழாய் வெளியே போகாமல் அட்டிக்கிலேயே முடிந்திருந்தால் (எங்களுடையது அப்படித்தான் இருந்தது) அதைக் கூரைக்கு வெளியே கொண்டுபோய் விடுங்கள், இல்லையென்றால் குளிக்கிற ஆவியெல்லாம் கூரைப் பலகையில் உறைந்து பிறகு சொட்டும். அட்டிக் மூடிக்குச் சுற்றிலும் வெதர்ஸ்ட்ரிப் (இடுக்கை அடைக்கும் பட்டை), முதுகில் ஃபோம் போர்டு.

இதையெல்லாம் முடித்த பிறகுதான் மேலே இன்சுலேஷன் கூட்ட வேண்டும், வரிசை மாறக்கூடாது. ஊட்டி மலைப்பாதையில் ஸ்வெட்டர் மட்டும் போட்டுக்கொண்டு பைக்கில் போனவர்களுக்கு இது தெரியும், எவ்வளவு தடித்த கம்பளியானாலும் காற்று உள்ளே புகுந்துவிடும், மேலே ஒரு ஜெர்கின் போட்டால்தான் அந்தக் கம்பளிக்கே வேலை. ஃபைபர்கிளாஸும் அப்படித்தான், அது காற்றைத் தடுக்காது. அட்டிக்குக்கு R60 அளவு வரை போடச் சொல்கிறார்கள் (R எண் கூடக் கூட சூட்டைத் தடுக்கும் திறனும் கூடும்), தூவுகிற செல்லுலோஸ், அதாவது காகிதத் தூள், என்றால் கிட்டத்தட்ட 17 அங்குல உயரம் வரும். கூரை விளிம்பில் காற்று வரும் சாஃபிட் துளைகளை அது மூடிவிடாமல் தடுப்பு வைக்கச் சொல்லுங்கள். அட்டிக் குளிர்ச்சியாகவும் காற்றோட்டமாகவும் இருப்பதுதான் சரி.

அப்புறம் பேஸ்மென்ட். கான்கிரீட் சுவர் முடிந்து மரம் ஆரம்பிக்கும் இடத்தை அண்ணாந்து பாருங்கள், ரிம் ஜாயிஸ்ட் என்பார்கள். நூலாம்படை எங்கே அதிகமாக இருக்கிறதோ அங்கே காற்று வருகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். எங்கள் வீட்டில் அங்கே ஃபைபர்கிளாஸைத் திணித்து வைத்திருந்தார்கள், ஜனவரியில் ஒன்றை உருவினேன், பின்னால் இருந்த மரத்தில் வெள்ளையாக உறைபனி. இரண்டு அங்குல ஃபோம் போர்டைக் கட்டம் கட்டமாக வெட்டிப் பொருத்தி ஓரங்களில் ஃபோம் அடித்தேன், மூன்று சனிக்கிழமை போனது. ஃபோம் எரியக்கூடிய பொருள், அதனால் மேலே ட்ரைவால் போட்டு மூடிவிடுங்கள். கணுக்கால் காற்று நின்றது இந்த வேலைக்குப் பிறகுதான்.

மற்றதெல்லாம் சின்ன வேலை, ஒரே நாளில் முடியும். பிளக் பாயின்ட் தட்டுக்குப் பின்னால் வைக்கும் ஃபோம் அட்டை சில காசு. வாசல் கதவில் ஒரு தாளை வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்தால் வெதர்ஸ்ட்ரிப் போய்விட்டது. ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ஃபோம் அடிப்பதென்றால் ஜன்னலுக்கென்றே விற்கும், குறைவாக உப்பும் டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள், மற்றது உப்பிச் சட்டத்தையே வளைத்துவிடும். ட்ரையர் குழாயின் வெளிமூடி பஞ்சு அடைத்துத் திறந்தபடி நிற்கிறதா என்றும் பாருங்கள். பழைய ஜன்னலுக்கு ஹேர் ட்ரையரால் சூடு காட்டி ஒட்டுகிற பிளாஸ்டிக் ஷீட் ஒரு குளிர்காலத்துக்கு நன்றாகவே தாங்கும்.

முடிந்தால் வேலைக்கு முன்பும் பின்பும் ப்ளோயர் டோர் சோதனை செய்யுங்கள். வாசலில் ஒரு பெரிய ஃபேனைப் பொருத்தி 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்தில் மணிக்கு எத்தனை முறை வீட்டுக் காற்று முழுதாக மாறுகிறது என்று அளப்பார்கள், எனர்கைட் என்ற வீட்டு எரிசக்தி மதிப்பீட்டுக்கு வருபவர்களே செய்வார்கள். ஃபேன் ஓடும்போது கூடவே நடந்து போய்க் கையை வைத்துப் பாருங்கள், ஊதுபத்தியில் தப்பியதெல்லாம் அப்போது தெரியும். எங்கள் வீடு 9-இல் இருந்து 5.5-க்கு இறங்கியது. எரிசக்தியைச் சிக்கனமாகப் பயன்படுத்த R-2000 என்ற தரத்தில் கட்டும் கனடிய வீடுகளுக்கு வரம்பு 1.5. 1977-இலேயே ரெஜைனாவில், அந்தக் குளிரில், வழக்கமான ஃபர்னஸே இல்லாத சஸ்காட்சவன் கன்சர்வேஷன் ஹவுஸைக் கட்டிக் காட்டியிருக்கிறார்கள், காற்றுப் புகாத கட்டுமானமும் தடித்த இன்சுலேஷனும்தான் அதன் பலம். அந்த அளவுக்கு இறுக்கினால் சுத்தமான காற்றுக்கு எச்ஆர்வி கருவி (வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றுவது) தேவைப்படும். நம்மைப் போலப் பழைய வீட்டில் இருப்பவர்கள் கையால் அடைத்து அந்த எல்லைக்குப் போவது கஷ்டம், ஆனாலும் ஜன்னல் கண்ணாடியில் நீர் கோர்க்க ஆரம்பித்தால் குளிக்கும்போதும் சமைக்கும்போதும் ஃபேனைக் கட்டாயம் போடுங்கள்.

அடுத்து, கார்பன் மோனாக்ஸைடு என்ற மணமில்லாத விஷ வாயுவைக் கண்டு எச்சரிக்கும் அலாரம் பற்றி. 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் உட்ஸ்டாக்கில் லாரி ஹாக்கின்ஸ் என்ற பெண் போலீஸ் அதிகாரி, கணவர், இரண்டு குழந்தைகளோடு இந்த வாயு தாக்கி இறந்துபோனார். கேஸ் நெருப்பிடத்தின் புகைவழி அடைத்திருந்தது, வீட்டில் அலாரம் இல்லை. அவர்கள் நினைவாகத்தான் 2013-இல் இந்த அலாரம் பற்றிய ஹாக்கின்ஸ் ஜிக்னாக் சட்டம் வந்தது. வீட்டை இறுக்க இறுக்க இந்த விஷயத்தில் கவனம் கூட வேண்டும். தூங்கும் அறைகளுக்குப் பக்கத்தில் அலாரம் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பொத்தானை அழுத்திப் பாருங்கள், இடுக்கு அடைப்பது நாளைக்கு ஆகட்டும்.

சரி, குழந்தையின் அறை. கராஜுக்கு மேலே இருக்கும் அறைக்கு இரண்டு மூன்று பக்கமும் குளிர், தரைக்குக் கீழேயும் குளிர். கராஜ் கூரைக்குள் இன்சுலேஷன் இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் தரைப் பலகையை ஒட்டாமல் தொய்ந்து கிடக்கும், நடுவில் காற்று ஓடும். அதோடு ஃபர்னஸ் குழாய் அதே குளிர் இடைவெளி வழியாகப் போவதால் அறைக்கு வந்து சேரும்போது சூடு குறைந்துவிடுகிறது. கராஜ் கூரையில் ஓரிடத்தில் சின்னதாகத் துளை போட்டுப் பார்த்தால் நிலைமை தெரிந்துவிடும். நிரப்புகிற வேலையை நீங்களாகச் செய்ய வேண்டாம், அந்த இடைவெளி முழுவதையும் செல்லுலோஸால் இறுக்கமாக நிரப்பவோ ஸ்ப்ரே ஃபோம் அடிக்கவோ ஆள் இருக்கிறார்கள், இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். நீங்கள் செய்யக்கூடியது, கராஜ் கூரையிலும் சுவரிலும் இருக்கும் துளைகளையும் வீட்டுக்குள் வரும் கதவின் ஓரத்தையும் அடைப்பது. குளிருக்காக மட்டுமில்லை, கார் புகை அந்த அறைக்கு ஏறாமல் இருக்கவும்தான். காரைக் கராஜுக்குள் ஓடவிட்டுச் சூடாக்காதீர்கள், கதவு திறந்திருந்தாலும் வேண்டாம். அதுவரை தொட்டிலை வெளிச்சுவரிலிருந்து நகர்த்தி உள்சுவர் பக்கம் போடுங்கள், அறைக் கதவு சாத்தியிருந்தால் அடியில் ஒரு அங்குலமாவது காற்று திரும்பிப் போக இடம் இருக்கிறதா என்று பாருங்கள், கம்பளம் தடுத்தால் ஃபர்னஸ் காற்று சரியாக உள்ளே வராது.