மாடியறைக்குள் பாம்பன் பாலம் கட்டினால் எவ்வளவு செலவாகும்?

கேள்வி: என் கணவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிங்கப்பூரிலிருந்து வந்த மகன் விளையாட்டாக ஒரு மாடல் ரயில் செட் வாங்கிக் கொடுத்தான். வட்டமாக ஓடும் ஒரு எஞ்சின், மூன்று பெட்டி, அவ்வளவுதான். இப்போது மாடியறைக் கட்டிலை எடுத்துவிட்டு ப்ளைவுட் மேசை போட்டிருக்கிறார். ராத்திரி பதினொரு மணிக்கும் சால்டரிங் வாடை கீழே வரை வருகிறது. அடுத்து பாம்பன் பாலம் கட்டப்போகிறாராம். இது எங்கே போய் நிற்கும்? எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும்?
- மண்டபத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: எங்கே போய் நிற்கும் என்று கேட்டால், நிற்காது அம்மா. ஆனால் பயப்படவும் வேண்டாம். ராட் ஸ்டூவர்ட் என்ற பிரிட்டிஷ் பாடகர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மாடல் ரயில் நகரத்தைக் கட்டியவர். கச்சேரிக்கு ஊர் ஊராகப் போகும்போது, கட்டட மாடல்கள் செய்வதற்கென்றே ஹோட்டலில் இன்னொரு அறை எடுப்பாராம். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் சகோதரர்கள் இருவர் 2001-ல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்ட் என்ற மாடல் ரயில் கண்காட்சிக்கு கின்னஸில் இடம் கிடைத்திருக்கிறது. நம் நாட்டிலேயே புனே கோத்ருடில் ஜோஷி குடும்பத்தார் 1998-லிருந்து மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். இவர்களோடு ஒப்பிட்டால் உங்கள் வீட்டுக்காரர் இன்னும் டிக்கெட்டே எடுக்கவில்லை.

செலவைச் சொல்வதற்கு முன், அவர் எந்த ரகம் என்று தெரிய வேண்டும். சிலர் சேகரிப்பவர்கள். எஞ்சினைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கக்கூட மனசு வராது, ஒன்று வாங்கினால் அந்த வரிசையில் மீதியும் வேண்டும். பணம் அதிகம் கரைவது இவர்களிடம்தான். சிலருக்கு ரயிலைவிட மலை, மரம், வயல் செய்வதில் ஆசை. பழைய தெர்மாகோல், பேரிஸ் சாந்து, மரத்தூள் என்று வீட்டுக் கழிவிலேயே பாதி வேலை முடிந்துவிடும். சிலருக்கு எலெக்ட்ரானிக்ஸ். இன்னும் சிலர் பெட்டியின் பக்கவாட்டில் ரிவெட் எத்தனை என்று எண்ணி, ஒன்று குறைந்தால் தூக்கம் கெடுபவர்கள். இவர்களோடு வாதம் வேண்டாம்.

இன்னொரு ரகம் உண்டு. டைம்டேபிள் போட்டு, வேகமாக ஓடும் கடிகாரம் ஒன்றை வைத்து, ஒருவர் கண்ட்ரோலர், ஒருவர் ஸ்டேஷன் மாஸ்டர் என்று பங்கு பிரித்து, எந்த வேகன் எந்த லைனுக்குப் போக வேண்டும் என்று சீட்டு எழுதி ஓட்டுவார்கள். ரயில்வேயில் இருந்தவர் என்பதால் உங்கள் கணவர் இதில் சேர வாய்ப்பு அதிகம். அப்படியானால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இரண்டு எஞ்சின், பத்துப் பன்னிரண்டு வேகன், சில பாயின்ட்கள் (ரயிலை ஒரு லைனிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் இடங்கள்) இருந்தால், பெட்டிகளைப் பிரித்துக் கோர்க்கும் ஷண்டிங் ஆடியே வருஷக்கணக்கில் போகும்.

சரி, பாம்பன் பாலம். மகன் வாங்கி வந்தது அநேகமாக ஹெச்ஓ ஸ்கேலாகவோ பிரிட்டனின் ஓஓ ஸ்கேலாகவோ இருக்கும். ஹெச்ஓ என்றால் 87-ல் ஒரு பங்கு, ஓஓ 76-ல் ஒரு பங்கு. இரண்டுக்கும் டிராக் அகலம் 16.5 மில்லிமீட்டர்தான். பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஹெச்ஓ அளவில் முழுதாகச் செய்தால் 24 மீட்டர் வரும். மாடி போதாது, பக்கத்து வீட்டுக்காரரையும் கேட்க வேண்டும். அதனால் எல்லா நாட்டிலும் செய்வதுபோல் சுருக்கிச் செய்ய வேண்டியதுதான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் செங்குத்தாக மேலே போகும் பகுதி 72.5 மீட்டர், மற்ற கண்கள் (இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிகள்) ஒவ்வொன்றும் 18.3 மீட்டர். ஹெச்ஓவில் முதலாவது 83 சென்டிமீட்டர், மற்றவை ஒவ்வொன்றும் 21. தூக்கும் பகுதிக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று கண் வைத்தால் இரண்டேகால் மீட்டருக்குள் அடங்கிவிடும். ஒரு சுவர் போதும். தூக்கும் உயரம் 17 மீட்டர். மாடலில் ஒரு சாண் அளவு. சின்ன மோட்டார், கயிறு, எதிர்எடை, இவ்வளவில் முடியும் வேலை. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: பாலம் மேலே இருக்கும்போது இரண்டு பக்க டிராக்குக்கும் மின்சாரம் தானாக நிற்க ஒரு லிமிட் சுவிட்ச் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விலை கொடுத்து வாங்கிய எஞ்சின் தரையில் விழும்.

அவர் மனசில் இருப்பது 1914-ன் பழைய பாலமா என்றும் கேட்டுவையுங்கள். அது செர்சர் என்ற பொறியாளரின் முறையில், இரண்டு கைகளாகப் பிரிந்து உருண்டு மேலே எழுந்தது. செய்வது கடினம், ஆனால் பார்க்க அதுதான் அழகு. 2007-ல் அகலப்பாதையாகும் வரை அதன் மேல் இருந்தது மீட்டர் கேஜ். ஹெச்ஓ அளவில் மீட்டர் கேஜுக்கு 12 மில்லிமீட்டர் டிராக் வேண்டும், கையில் உள்ள 16.5 உதவாது. ஒய்பி நீராவி எஞ்சினோ, ஒய்டிஎம்-4 டீசலோ வெளிநாட்டு நிறுவனங்களின் சரக்கில் எளிதில் கிடைக்காது; தகட்டை வெட்டியோ, 3டி பிரிண்ட் எடுத்தோ அவரே செய்துகொள்ள வேண்டும். பணச் செலவு குறையும், வருஷங்கள் போகும். அகலப்பாதையிலும் ஒரு சிறு பொய் உண்டு. நம் 1676 மில்லிமீட்டர் பாதை ஹெச்ஓவில் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வர வேண்டும். உலகச் சந்தையில் கிடைப்பது 16.5. இந்தியப் பெட்டிகளை ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள். நானும் அதைத்தான் சொல்வேன்.

பணம் ஒதுக்குவதை மாதக் கணக்கில் வைக்காதீர்கள், வருஷத்துக்கு ஒரு தொகை என்று பேசிக்கொள்ளுங்கள். இந்தப் பொழுதுபோக்கில் மூன்று மாதம் ஒன்றும் வாங்க மாட்டார்கள், நான்காவது மாதம் ஒரே பார்சலில் எல்லாம் வரும். காகிதத்தில் வரைபடம் போடாமல் ஒரு பாயின்ட்கூட வாங்கக் கூடாது என்று மட்டும் நிபந்தனை வையுங்கள். 8-க்கு 4 அடி ப்ளைவுட் ஒரு ஷீட் போதும் என்று எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் நம் ரயில்களில் இப்போது ஓடும் நீளமான எல்ஹெச்பி பயணிகள் பெட்டி ஹெச்ஓவில் 27 சென்டிமீட்டர் நீளம். அது கோணலாகத் தெரியாமல் திரும்ப 24 அங்குல ஆரமாவது வேண்டும். 4 அடி அகலத்தில் அந்த வட்டம் விளிம்பைத் தொட்டுவிடும். இதைக் கவனிக்காமல் மேசை போட்டவர்கள் அதைப் பிரித்துத் திரும்பப் போடுகிறார்கள், அல்லது குட்டைப் பெட்டிகளாகத் தேடி வாங்குகிறார்கள். வீண்செலவு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. சுவரை ஒட்டி அலமாரி போல லேஅவுட் போட்டால் கட்டிலையும் திரும்பக் கொண்டு வரலாம்.

கேள்வி: ஆன்லைனில் 'டிசிசி ரெடி' என்று போட்டிருந்த எஞ்சின் வாங்கினேன். வந்து பார்த்தால் டிஜிட்டல் கண்ட்ரோலில் ஓடவில்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். புகார் செய்யலாமா? ஜப்பானில் செய்த பவர் பேக் (டிராக்குக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஒன்றை துபாயில் இருக்கும் காக்கா (அண்ணன்) அடுத்த மாதம் கொண்டு வருகிறார், அது இங்கே ஓடுமா?
- கீழக்கரை வாசகர்

பதில்: முதலில் கசப்பான செய்தி. டிசிசி என்பதுதான் டிஜிட்டல் கண்ட்ரோல். 'டிசிசி ரெடி' என்றால், அதன் கட்டளையைப் புரிந்துகொண்டு எஞ்சினை ஓட்டும் சில்லான டீகோடர் மாட்டுவதற்கான சாக்கெட் உள்ளே இருக்கிறது என்று மட்டுமே பொருள். டீகோடரை நீங்கள்தான் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். டீகோடரோடு வருவது 'டிசிசி ஃபிட்டட்', ஒலியோடு வருவது 'டிசிசி சவுண்ட்'. விற்பவர் 'ரெடி' என்று மட்டும் எழுதியிருந்தால் அவர் பொய் சொல்லவில்லை. பக்கத்தில் 'டிஜிட்டல் கண்ட்ரோலில் நேரடியாக ஓடும்' என்று எழுதியிருந்தால் கதை வேறு. அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், நாளைக்கே மாற்றிவிடுவார்கள். ஒருவேளை சாக்கெட்டே இல்லை என்றாலும் புகார் செய்யலாம்.

2020-ன் மின்வணிக விதிகளின்படி தளத்துக்குக் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அது நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் வழி விட்டிருக்கிறது. 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. ஆனால் இதெல்லாம் கடைக்காரரிடம் வாங்கியதற்கு. வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு ரசிகரிடம் செகண்ட் ஹேண்ட் வாங்கினால் இந்தச் சட்டம் கைகொடுப்பது சந்தேகம். ஓடும் வீடியோ பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

டீகோடர் வாங்குவதானால் எஞ்சின் பெட்டியில் எந்த வகை சாக்கெட், 8 பின்னா, 21 பின்னா, நெக்ஸ்ட் 18-ஆ என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண டீகோடர் சில ஆயிரத்தில் முடியும். ஒலி டீகோடர் பத்தாயிரத்தைத் தாண்டும். இன்னொன்று, டீகோடர் இல்லாத எஞ்சினை டிசிசி டிராக்கில் நிறுத்தியே வைத்திருந்தால் மோட்டார் ரீங்கரித்துச் சூடாகும். உடனே எடுத்துவிடுங்கள்.

காக்கா கொண்டுவரும் பவர் பேக்கைப் பொறுத்தவரை அவசரப்பட்டு பிளக்கில் சொருக வேண்டாம். ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்குச் செய்தது என்றால் 100 வோல்ட்; நம் 230 வோல்ட்டில் போட்டால் அன்றே புகைந்துவிடும். அடாப்டரில் '100-240' என்று இருந்தால் சரி. துபாய்க் கடையில் வாங்கியது என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, அங்கேயும் நம்மைப் போன்ற வோல்ட்டேஜ்தான். அங்கே மார்க்லின் எஞ்சின் மலிவாகக் கிடைத்தால் ஆசைப்பட்டு எடுத்து வந்துவிட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். அந்த நிறுவனத்தின் ஹெச்ஓ, டிராக் நடுவில் மூன்றாவது மின்தொடர்பு வைத்த முறை. ஹார்ன்பி, கேட்டோ மாதிரியான இரண்டு தண்டவாள டிராக்கில் ஓடாது.

கையோடு சாமானில் கொண்டுவந்தால் குறிப்பிட்ட மதிப்பு வரை வரிச் சலுகை உண்டு. கூரியரில் வந்தால் ஸ்கேல் மாடல்களையும் பொம்மைக் கணக்கில் சேர்த்துவிடலாம். அந்த வகைக்கு அடிப்படைச் சுங்கவரியை 2020-ல் 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023-ல் 70 ஆகவும் ஏற்றினார்கள். ஆர்டர் போடும் நாளில் என்ன விகிதம் என்று கூரியர் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். 'கிஃப்ட்' என்று எழுதி அனுப்பச் சொல்லும் பழைய தந்திரம் இப்போது பலிக்காது.

கேள்வி: தண்டவாளம் இரண்டு வாரத்தில் கறுத்துவிடுகிறது, எஞ்சின் திக்கித் திக்கி ஓடுகிறது. வீடு கடற்கரைக்கு மிகப் பக்கம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?
- தொண்டி வாசகர்

பதில்: உப்புத்தாள் கூடவே கூடாது. கீறல் விழும், அந்தக் கீறலில் அழுக்கு முன்பைவிட வேகமாகப் படியும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். எஞ்சின் சக்கரங்களையும் அப்படியே. அறையில் காற்றோட்டம் இருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

டிராக் எந்த உலோகம் என்று பாருங்கள். மஞ்சளாக இருந்தால் பித்தளை. உங்கள் ஊர்க் காற்றுக்கு அது ஓயாத வேலை வைக்கும். பழைய செட்டில் இரும்புத் தண்டவாளம் இருந்தால் துருவே பிடிக்கும். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த நிக்கல் சில்வர் டிராக்தான் கடற்கரைக்கு ஏற்றது. அதுவும் மங்கும், ஆனால் துருப்பிடிக்காது. மலிவாகக் கிடைக்கிறது என்று பித்தளையை மொத்தமாக வாங்கியவர்கள் ஒரு வருஷத்தில் மாற்றுகிறார்கள். ப்ளைவுட்டும் ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் ரகமாக இருக்கட்டும். கமர்ஷியல் ப்ளை ஐப்பசி மழையில் உப்பி, டிராக்கைத் தூக்கிவிடும். தண்டவாள இணைப்புகளில் மெல்லிய இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். ஓட்டாத நாட்களில் எஞ்சினை சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். ஜன்னலைக் கடல் பக்கம் திறந்துவைத்துக்கொண்டு இந்தப் பொழுதுபோக்கு நடக்காது.

கேள்வி: ஆறு வயதுப் பையன் ரயில் ரயில் என்று அழுகிறான். நல்ல ஹெச்ஓ செட்டாகவே வாங்கிக் கொடுத்துவிடலாமா?
- ராமநாதபுரம் வாசகி

பதில்: வேண்டாம். ஸ்கேல் மாடல்களில் பெரும்பாலானவற்றின் பெட்டியிலேயே 14 வயதுக்கு மேல் என்று அச்சிட்டிருப்பார்கள். கைப்பிடி, படி எல்லாம் முடி போல மெல்லியவை, முதல் நாளே உடையும். பேட்டரியில் ஓடும் பிளாஸ்டிக் டிராக் செட் வாங்குங்கள். 14 வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இறக்குமதிப் பொருளானாலும் அந்த முத்திரையும், இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரியும் பெட்டியில் இருக்க வேண்டும். திருவிழாக் கடையில் முத்திரை இல்லாமல் தொங்குவதை விட்டுவிடுங்கள். பேட்டரி மூடி ஸ்குரு போட்டு மூடும்படி இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.