கேள்வி நேரம்: வெள்ளி மலையும் கன்னிமாடத்துக் கடனும்

கேள்வி: ஜவேரி பஜாரில் வேலை பார்க்கிறேன். தென் அமெரிக்காவில் ஸ்பெயின்காரர்கள் மலை மலையாக வெள்ளி எடுத்தார்களாமே, அடிமைகளை வைத்துத்தானே? (வாசகர், தாராவி)

பாதி சரி. இன்றைய பொலிவியாவில் இருக்கும் பொட்டோசிதான் அந்த ஊர். கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டர் உயரம், 1545-ல் வெள்ளி கண்டுபிடித்தார்கள். அங்கே நாணயச் சாலையில் ஆப்பிரிக்க அடிமைகள் வேலை செய்தார்கள். ஆனால் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் சுற்றுப்பட்ட மலைக் கிராமத்துக்காரர்கள், சட்டத்தின் கண்ணில் சுதந்திரமானவர்கள், கூலியும் உண்டு! 1570-களில் வைஸ்ராய் டொலேடோ, ஸ்பெயின்காரர்களுக்கு முன் அங்கே ஆண்ட இன்கா அரசர்கள் காலத்து 'மித்தா' என்ற முறைவேலையை எடுத்து, ஊரில் வரி கட்டும் ஆண்களில் ஏழில் ஒருவர் வந்தாக வேண்டும் என்று ஆக்கினார். ஆண்டுக்குச் சுமார் 13,000 பேர், பெண்டாட்டி பிள்ளைகளோடும் லாமா என்ற சுமை விலங்குகளோடும் பல வாரம் நடந்து வந்தார்கள்.

உள்ளே எப்படி இருந்தது என்று அகோஸ்டா என்ற ஏசுசபைப் பாதிரியார் 1590-ல் எழுதியிருக்கிறார். மாட்டுத்தோலை முறுக்கிச் செய்த ஏணியில், தாதுவை முதுகில் போர்வையில் கட்டிக்கொண்டு மூன்று மூன்று பேராக ஏறுவார்களாம், முன்னால் போகிறவர் கட்டைவிரலில் ஒரு மெழுகுவர்த்தியைக் கட்டியிருப்பாராம். வெளிச்சம் அவ்வளவுதான்.

கூலி வயிற்றுக்குப் போதாது. அதனால் முறை இல்லாத வாரங்களில் அதே ஆட்கள், நம் ஊர் நாக்காவில் காலையில் நிற்கிற கூலிக்காரர்கள் மாதிரி, கூடுதல் காசுக்குப் போய் நின்றார்கள். இன்னொரு கூத்தும் உண்டு: கிராமம் ஆள் அனுப்ப முடியாவிட்டால் பணமாகக் கட்டலாம், அந்தப் பணத்தில் மாற்று ஆள் வைக்க வேண்டிய முதலாளி யாரையும் வைக்காமல் அதைப் பையில் போட்டுக்கொள்வார். 'பாக்கெட் இந்தியர்கள்' என்றே இதற்குப் பெயர் (அந்த நாட்டுப் பூர்வகுடிகளை ஸ்பெயின்காரர்கள் 'இந்தியர்' என்றுதான் சொன்னார்கள்). 1812-ல்தான் ஸ்பெயின் நாடாளுமன்றம் மித்தாவை ரத்து செய்தது.

கேள்வி: சர்ச் இதை எதிர்த்ததா, ஒத்து ஊதியதா? (வாசகி, செம்பூர்)

இரண்டும்தான். லாஸ் கசாஸ் என்ற பாதிரியார் கியூபாவில் தனக்கு வேலை செய்யும்படி ஒதுக்கப்பட்ட பூர்வகுடிகளை 1514-ல் விட்டுக்கொடுத்துவிட்டு, ஆயுசு முழுக்க அரசவையில் போராடினார். பூர்வகுடிகளை அடிமையாக்கத் தடை விதித்த 1542-ம் ஆண்டுச் சட்டங்களுக்கு அவர் குரலும் காரணம். (ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவரலாம் என்று ஆரம்பத்தில் சொன்னவரும் அவரே, பிற்பாடு வருந்தினார்.)

ஆனால் சர்ச்சின் கல்லாப்பெட்டியைப் பார்த்தால் கதை வேறு. அன்று அங்கே வங்கி அரிது. பண்ணைக்காரருக்குப் பணம் வேண்டுமென்றால் பெரும்பாலும் கன்னிமாடத்துக்குத்தான், அதாவது கன்னியாஸ்திரீகள் மடத்துக்குத்தான் போவார். மகளைச் சேர்க்கும்போது கொடுத்த சீதனமும் பக்தர்கள் எழுதிவைத்த சொத்தும் அங்கே குவிந்து கிடந்தன. வட்டி வாங்குவது பாவமாயிற்றே? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள்: கடன் என்று எழுதாமல், கொடுத்த பணத்தில் 5 சதவீதத்தை ஆண்டுதோறும் நிலத்தின் வருமானத்திலிருந்து பெறும் உரிமையை 'விலைக்கு வாங்குவதாக' எழுதினார்கள். நம் சேட்டுகளுக்குக்கூட இது தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன். அந்த 5 சதவீதத்தை வியர்வை சிந்தி விளைவித்தது பண்ணையில் வேலை செய்த பூர்வகுடிகளும் அடிமைகளும். ஏசுசபையாரே பெருவில் அடிமைகளை வைத்துத் திராட்சைத் தோட்டம் நடத்தினார்கள், 1767-ல் ஸ்பெயின் மன்னர் அவர்களைத் துரத்தும் வரை.

கேள்வி: நம் நாட்டிலிருந்து யாராவது அங்கே போனதுண்டா? (வாசகர், முலுண்டு)

போகவில்லை, விற்கப்பட்டார்கள். முகலாயர் நாட்டில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஒரு சிறுமியைப் போர்த்துக்கீசியர் பிடித்து, கொச்சியில் ஞானஸ்நானம் கொடுத்து, மணிலாவில் விற்றார்கள். அங்கிருந்து கப்பலில் மெக்சிகோ. புவேப்லா ஊரில் கத்தரீனா தெ சான் ஹுவான் என்ற பெயரில் வாழ்ந்து, காட்சிகள் காணும் புண்ணியவதி என்று பேரெடுத்து 1688-ல் இறந்தார். ஏசுசபைப் பாதிரியார் ஒருவர் எழுதிய அவருடைய வரலாற்றை, ரொம்பவும் புனிதமாக்கிவிட்டார் என்று, இன்குவிசிஷன் என்ற சர்ச் விசாரணை மன்றம் தடை செய்தது. அவரைப் போல மணிலா வழியாக வந்த ஆசிய அடிமைகளை விடுவிக்கும்படி ஸ்பெயின் அரசு 1672-ல் உத்தரவு போட்டது. ஆப்பிரிக்கர்களுக்கு அந்த உத்தரவு பொருந்தவில்லை.