கடன் கொடுத்தவர்கள் காத்த அரியணை

கேள்வி:

வணக்கம் ஐயா,

போட்டித் தேர்வு எழுதும் மாணவர்களுக்கு வரலாறு நடத்துகிறேன். சீனாவில் மன்னராட்சி வீழ்ந்ததற்கு அந்நிய ஏகாதிபத்தியம், உள்நாட்டுக் கலகங்கள், ஊழல், பேரரசி சிக்சியின் பிற்போக்கு என்று கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போட்டுவிடுவேன். மதிப்பெண்ணுக்கு அது போதும். சென்ற வாரம் ஒரு மாணவி எழுந்து, "இந்தியாவைப் பிடித்தார்கள், ஆப்பிரிக்காவைத் துண்டு போட்டார்கள். சீனாவைப் பலமுறை போரில் வென்றும் அரசரை ஏன் அப்படியே விட்டுவைத்தார்கள்?" என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்தேன். உண்மையில் அந்த வம்சத்தைக் கவிழ்த்தது வெளியாரா, உள்ளே இருந்த அழுகலா? கடற்படைப் பணத்தில் சிக்சி பளிங்குக் கப்பல் கட்டிக்கொண்டார் என்பது எந்த அளவுக்கு உண்மை?

ர., ஈரோடு

பதில்:

அன்புள்ள ர.,

மாணவியின் கேள்வி உங்களுடையதைவிடக் கூர்மையானது. அதற்குப் பதில் சொன்னால் உங்களுக்கும் பதில் கிடைத்துவிடும்.

அந்நிய வல்லரசுகளுக்கு, சீனாவைக் கடைசியாக ஆண்ட மஞ்சு (சிங்) வம்சத்தைக் கவிழ்க்கும் எண்ணம் இருக்கவில்லை. 1860க்குப் பிறகு அது விழாமல் தாங்கிப் பிடித்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. வட்டிக்குக் கொடுத்தவன் வாங்கியவனின் ஆயுளுக்காக அர்ச்சனை செய்வானே, அந்தக் கரிசனம். உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட ஆள் இருந்தால்தான் சலுகைகள் செல்லும், தவணை வரும். நாற்பது கோடிப் பேரை நேராக ஆள எவரிடமும் படை இல்லை. ஒருவர் எடுக்கப் போனால் மற்றவர்கள் விடவும் மாட்டார்கள். அரசரை அரியணையிலேயே உட்காரவைத்து அவர் பெயரில் வசூலிப்பதுதான் லாபம். அந்த வம்சத்தைக் கொன்றதும் இந்த ஏற்பாடுதான் என்பது என் கருத்து. தன் குடிகளின் கண்ணில் அரசர் அந்நியருக்குத் தண்டல் செய்கிறவராகிப் போனார்.

உள்ளே அழுகல் இருந்தது, மறுக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகை இரு மடங்காகி 30 கோடியை எட்டியது. அதிகாரிகளின் எண்ணிக்கை அதற்கு ஈடாக வளரவில்லை. கியான்லாங் பேரரசரின் செல்லப்பிள்ளையான ஹெஷென் அரசாங்கத்தையே சுரண்டித் தின்றார். 1799இல் முதியவர் கண்ணை மூடிய கையோடு, மகன் ஹெஷெனைத் தற்கொலை செய்துகொள்ளச் சொல்லி உத்தரவிட்டார். வெண்தாமரைக் கலகம் 1796இல் தொடங்கி 1804வரை கஜானாவைக் கரைத்தது. ஆனால் இத்தகைய நோய்களோடு தலைமுறை தலைமுறையாகக் காலம் தள்ளிய வம்சங்கள் சீனாவில் உண்டு. அழுகலை மட்டும் சொன்னால், விழுந்தது ஏன் 1911இல் என்பதற்கு விடை வராது.

அபினிப் போர் என்றால் பேரரசர் அனுப்பிய அதிகாரி லின் செஷூ 20,000க்கும் மேற்பட்ட பெட்டி அபினியை ஹுமெனில் சுண்ணாம்பும் உப்பும் கலந்து கரைத்துக் கடலில் விட்டதை (1839) எல்லோரும் நடத்துகிறோம். நல்ல காட்சிதான். கடல்வாழ் உயிர்கள் சற்று விலகிக்கொள்ளட்டும் என்று கடல் தெய்வத்துக்கு அவர் வேண்டுதல் எழுதியதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். ஆனால் விட்டுவிடக் கூடாதது வெள்ளியின் கதை. சீனக் குடியானவன் தானியத்தை விற்றால் கைக்கு வருவது நடுவில் சதுர ஓட்டை போட்ட செப்புக் காசு. வரியையோ வெள்ளிக் கணக்கில் கட்டவேண்டும். கணக்கின் அலகு டேல், சுமார் 37 கிராம் வெள்ளி. முந்தைய நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆயிரம் காசுக்குள்ளாகவே ஒரு டேல் கிடைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி பீகாரிலும் காசி வட்டாரத்திலும் விளையவைத்துக் கல்கத்தாவில் ஏலம் விட்ட அபினிக்கு விலையாக வெள்ளி வெளியேற ஆரம்பித்தது. 1838இல் அதே டேலுக்கு 1,600 காசுக்கு மேல் கொடுக்கவேண்டியிருந்தது. 1840களின் கடைசியில் விலை 2,000ஐத் தாண்டியது. (ஸ்பானிய அமெரிக்கச் சுரங்கங்களின் வெள்ளி வரத்துக் குறைந்ததும் ஒரு காரணம் என்பார்கள். சரிதான், ஆனால் அபினியைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட முடியாது.) அரசாங்கம் வரி விகிதத்தைத் தொடவே இல்லை, குடியானவனுக்கு வரி இரட்டிப்பாகிவிட்டது. பாட்னா அபினியை அவன் கண்ணால் கண்டிருக்கமாட்டான். அவன் கண்டது வரி கேட்டு வாசலில் வந்து நின்ற அரசாங்கச் சேவகனை.

அடுத்தது நம் ஊர்ச் சிப்பாய்கள் சம்பந்தப்பட்டது. 1841 மே மாதக் கடைசியில் பிரிட்டிஷ் படை குவாங்சோ நகரை வளைத்து, 60 லட்சம் டாலர் மீட்புத் தொகை பேசி முடித்திருந்தது. வீரர்கள் சுற்றுக் கிராமங்களில் கல்லறைகளைத் திறந்தார்கள், பெண்களிடம் அத்துமீறினார்கள் என்று சான்யுவான்லி ஊராரும் அக்கம்பக்கத்தாரும் ஈட்டியும் மண்வெட்டியுமாகத் திரண்டார்கள். மே 30 அன்று கொட்டுகிற மழையில் 37ஆவது சென்னைக் காலாட்படையின் ஒரு கம்பெனி, அறுபது பேர் இருக்கும், வயல்வெளியில் வழிதவறித் தனியாக மாட்டிக்கொண்டது. சிப்பாய்களிடம் இருந்தவை சக்கிமுக்கித் துப்பாக்கிகள். மருந்து நனைந்துவிட்டது, ஒன்றும் வெடிக்கவில்லை. துப்பாக்கி முனைக் கத்தியை நீட்டிக்கொண்டு நாலாபுறமும் பார்த்துச் சதுரமாக நின்று தாக்குப்பிடித்தார்கள். மழையிலும் வெடிக்கும் புதுவகைத் துப்பாக்கியோடு வந்த பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள்தான் அவர்களை மீட்டுப் போனார்கள்.

மறுநாள் கூட்டம் பல மடங்கு பெருகிப் படை தங்கியிருந்த குன்றுகளைச் சூழ்ந்துகொண்டது. அந்தக் கூட்டத்தைக் கலைக்க வந்தவர் குவாங்சோவின் நிர்வாக அதிகாரி, அதாவது பேரரசரின் ஆள். பேசி முடித்த ஒப்பந்தம் கெட்டுவிடும் என்ற பயத்தில் ஊர்ப் பெரியவர்களைப் பிடித்து, ஆட்களைத் திரும்பிப் போகச் செய்தார். ராணுவக் கணக்கில் அது சில்லறைச் சண்டை. ஆனால் 'நாங்கள் ஜெயித்திருப்போம், அதிகாரிகள் காட்டிக்கொடுத்துவிட்டார்கள்' என்ற பேச்சு அந்த வட்டாரத்தில் தலைமுறை தாண்டி நின்றது. எழுபது ஆண்டு கழித்து மஞ்சுக்கள் மீது சாட்டப்பட்ட குற்றமும் இதேதான்.

1860 ஆகஸ்டுக்கு வாருங்கள். வடக்கே பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் டாகு கோட்டைகளைப் பிடித்து பெய்ஜிங்கை நோக்கி நகர்கின்றன. அதே மாதத்தில் ஷாங்காயில் அதே இரு நாட்டுப் படைகள், மஞ்சு ஆட்சியை ஒழிக்கப் புறப்பட்ட தைப்பிங் கலகக்காரர்களைச் சுட்டு விரட்டுகின்றன. அக்டோபரில் பேரரசரின் கோடைக்கால அரண்மனையைக் கொளுத்தி, வேண்டிய கையெழுத்தை வாங்கிக்கொண்டார்கள். பிறகு முழுமையாக மஞ்சுக்கள் பக்கம் வந்துவிட்டார்கள். இரண்டு கோடிப் பேருக்கு மேல் பலிகொண்டிருக்கலாம் என்று மதிப்பிடப்படும் தைப்பிங் போர் 1864இல் முடிந்தது. முடித்தவை பெரும்பாலும் செங் குவோஃபான் போன்ற மாகாணத் தலைவர்கள் தாமே திரட்டிய படைகள். வெள்ளைக்காரத் தளபதி கார்டன் தனியாளாக வென்றதுபோல் எழுதுகிறவர்களை நம்பவேண்டாம்.

1860இல் முடிந்த போருக்கான நட்டஈடு பிரிட்டனுக்கு 80 லட்சம் டேல், பிரான்சுக்கு 80 லட்சம் டேல். சுங்க வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு இவருக்கு, ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு என்று கழிக்கவேண்டும். அதை ஒழுங்காக வசூலித்துக் கணக்கு வைக்க 1863இல் அமர்த்தப்பட்டவர் அயர்லாந்துக்காரரான ராபர்ட் ஹார்ட். அப்போது அவருக்கு வயது 28. 1911இல் இறக்கும்வரை சீனச் சுங்கத் துறையின் தலைமைப் பதவி அவர் பெயரில்தான் இருந்தது.

ஹார்ட்டை வில்லனாக்கி ஒரு பாடம் நடத்திவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாம் சீன அரசிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் என்று தனக்குக் கீழிருந்த வெள்ளையர்களுக்குச் சுற்றறிக்கை விட்டவர் அவர். பணம் நடுவழியில் ஆவியாகாமல் தலைநகருக்கு வந்துசேர்ந்த துறை அது. 1890களில் ஆண்டுக்கு 2 கோடி டேலுக்கு மேல் வந்தது. ஆயுதச் சாலைகள், கப்பல் கட்டும் தளங்கள், வெளிநாட்டுத் தூதரகங்கள் எல்லாவற்றுக்கும் அந்தப் பணம் உதவியது. அடகு வைப்பதற்கும் அதைவிடத் தோதான சொத்து சீனாவில் வேறில்லை.

அடகு வைக்கும் நாள் 1895இல் வந்தது. ஜப்பானிடம் தோற்றதற்கு 20 கோடி டேல் நட்டஈடு. லியாவோடுங் தீபகற்பத்தைத் திரும்பப் பெற மேலும் 3 கோடி. மைய அரசின் ஆண்டு வருவாயோ 9 கோடி டேல் அளவில்தான். முதலில் ரஷ்ய, பிரெஞ்சு வங்கிகளிடமும், பின்பு இரண்டு முறை பிரிட்டிஷ், ஜெர்மானிய வங்கிகளிடமும் கடன் வாங்கிக் கட்டினார்கள். எல்லாவற்றுக்கும் ஈடு சுங்க வருவாய்.

பளிங்குக் கப்பல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடற்படை நிர்வாகத்தின் பணம் அரண்மனைப் புதுப்பிப்புக்குத் திருப்பிவிடப்பட்டது உண்மை. ஆனால் அந்தக் கப்பலின் கல் அடித்தளம் கியான்லாங் காலத்தது. 1860இல் எரிந்த மேல்தளத்தை 1893இல் மரத்தால் கட்டிப் பளிங்குபோல் வண்ணம் பூசினார்கள். ஒரு படகு மண்டபத்தால் போரில் தோற்றார்கள் என்பது குழந்தைக் கதை. வெய்ஹாய்வெய் துறைமுகத்தில் சீனக் கடற்படை சரணடைந்த பிறகு, குவாங்பிங் என்ற கப்பலை மட்டும் திருப்பித் தருமாறு ஜப்பானிய தளபதிக்கு ஒரு வேண்டுகோள் போனது. அது குவாங்டுங் மாகாணக் கப்பலாம். அந்த மாகாணத்துக்கும் இந்தப் போருக்கும் சம்பந்தமில்லையாம். சிக்சியைத் திட்டுவதற்கு முன் அந்த வேண்டுகோளை வகுப்பில் சொல்லுங்கள்.

அந்நியரை விரட்டக் கிளம்பிய பாக்ஸர் கலகத்தை (1900) சுருக்கமாக முடிக்கிறேன். வெளியாருக்கு எதிராகத் தன் குடிகள் பக்கம் அரசவை வெளிப்படையாக நின்றது அந்த ஒரு கோடைக்காலத்தில்தான். தென்மாகாண ஆளுநர்கள் போர் ஆணைக்குக் கீழ்ப்படியாமல் ஷாங்காயில் அயல்நாட்டுத் தூதர்களோடு தனியாக உடன்பாடு செய்துகொண்டார்கள். எட்டு நாட்டுப் படை பெய்ஜிங்கைப் பிடித்தது. சிக்சி சாதாரணப் பெண்போல் உடுத்திக்கொண்டு தப்பியோடினார். அப்போதும் வம்சத்தை நீக்கவில்லை, அவரையே திரும்ப வரவிட்டார்கள். விலை 45 கோடி டேல், தலைக்கு ஒரு டேல் என்ற கணக்கில், 4 சதவீத வட்டியோடு 39 ஆண்டுத் தவணை. தவணை மாகாணவாரியாகப் பங்கிடப்பட்டுப் புதுப்புது வரிகளாக ஊருக்குள் வந்தது. அந்நியரை எதிர்க்கும் சங்கத்தில் சேர்கிறவனுக்கு மரண தண்டனை என்று பேரரசர் பெயரிலேயே ஆணை போடவைத்தார்கள். ஆட்சியின் மீது மிச்சமிருந்த மரியாதை அதோடு போயிற்று என்று நினைக்கிறேன்.

மேற்குச் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் முடிந்த கதை இது. அதன் தலைநகர் செங்டுவை ஹுபே மாகாணத்து ஹாங்கோவோடு இணைக்க அந்நியர் பணம் இல்லாமல் ரயில்பாதை போடுவது என்று ஒரு கம்பெனி தொடங்கி, நில வருவாயில் நூற்றுக்கு மூன்று பங்கைப் பிடித்து, அதற்குப் பங்குப் பத்திரம் கொடுத்தார்கள். ஓரளவு நிலம் வைத்திருந்தவர்கூட ரயில் முதலாளி ஆனார். பாதை நகரவில்லை. போதாக்குறைக்குக் கம்பெனியின் ஷாங்காய்ப் பணத்தில் பெருந்தொகை 1910 ரப்பர் பங்குச் சரிவில் மூழ்கியது. மலாயாத் தோட்டங்களை நம்பி ஊதிய குமிழி அது. அந்தத் தோட்டங்களில் பால்வெட்டிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். 1911 மே 9 அன்று பெய்ஜிங் ரயில்பாதைகளை அரசுடைமையாக்கியது. பதினோரு நாளில் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்க வங்கிகளிடம் 60 லட்சம் பவுண்டு கடனுக்குக் கையெழுத்து. ரப்பரில் போன பணத்துக்குப் பொறுப்பேற்க முடியாது என்றும் சொல்லிவிட்டது.

செங்டு மக்கள் செய்த காரியம் அழகானது. காலமான குவாங்சூ பேரரசர் இந்தப் பாதையை வணிகர் பொறுப்பில் விட்டிருந்தார். அவருடைய பெயர்ப்பலகையைத் தெருவுக்குத் தெரு மேடை கட்டி வைத்து ஊதுபத்தி ஏற்றினார்கள். பல்லக்கில் வரும் அதிகாரி பேரரசரின் பெயர்ப்பலகை முன் இறங்கித்தானே ஆகவேண்டும்! செப்டம்பர் 7 அன்று ஆளுநர் சாவ் எர்ஃபெங் தலைவர்களைக் கைதுசெய்தார். விடுவிக்கக் கேட்டு வந்த கூட்டத்தைச் சுட்டதில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நகர வாயில்கள் மூடப்பட்டன, தந்தி நிறுத்தப்பட்டது. மரப்பலகைகளில் செய்தியை எழுதி, எண்ணெய் பூசி, ஆற்றில் நூற்றுக்கணக்கில் மிதக்கவிட்டார்கள். கீழ்நிலத்து ஊர்கள் அவற்றை எடுத்துப் படித்துத் திரண்டன.

கிளர்ச்சியை அடக்க ஹுபே மாகாணத்திலிருந்து படை அனுப்பப்பட்டது. ஹுபேயில் காவல் குறைந்தது. அக்டோபர் 9 அன்று ஹாங்கோவின் ரஷ்யக் குடியேற்றப் பகுதியில் புரட்சியாளர்கள் செய்துகொண்டிருந்த வெடிகுண்டு கைதவறி வெடித்தது. ரஷ்யப் போலீஸ் அங்கே கிடைத்த ஆவணங்களை மஞ்சு அதிகாரிகளிடம் பொறுப்பாக ஒப்படைத்தது. கடைசி நாள்வரை உதவி! பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்கு மறுநாள் துப்பாக்கியைத் தூக்குவது தவிர வழியில்லை. அதுதான் வூசாங் எழுச்சி. புரட்சியாளர்களின் தலைவர் சுன் யாட்-சென் அப்போது அமெரிக்காவில் இருந்தார். செய்தித்தாளில் பார்த்துத் தெரிந்துகொண்டார். 1912 பிப்ரவரி 12 அன்று ஆறு வயது பூயியின் பெயரில் முடிதுறப்பு ஆணை வெளியானது.

பழைய கடன்கள் எல்லாவற்றையும் குடியரசு தலையில் ஏற்றுக்கொண்டது. 1913இல் குடியரசின் தலைவர் யுவான் ஷிகாய் ஐந்து நாட்டு வங்கிகளிடம் மேலும் 2.5 கோடி பவுண்டு வாங்கினார். சுங்கத்தில் இடமில்லாததால் இம்முறை ஈடு உப்பு வரி. அதை மேற்பார்வையிட பெய்ஜிங்குக்கு வந்தவர் ரிச்சர்ட் டேன், அதற்குமுன் இந்தியாவில் பிரிட்டிஷ் அரசின் உப்பு, கலால் துறைக்குத் தலைமை வகித்தவர்.