ஆஷ்வெல் சுவரில் ஒரு சாட்சி

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் மகன் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் இருக்கும் ஆஷ்வெல் கிராமத்தின் புனித மரியாள் கோயிலைப் பார்த்தோம். கோபுரத்தின் கீழே உட்சுவரெல்லாம் கீறல்கள். வழிபடும் இடத்தில் இப்படிக் கிறுக்கியவர்களை ஊரார் எப்படி விட்டுவைத்தார்கள்? அதைப் போய்ப் பாதுகாக்கிறார்களே என்று வருத்தமாக இருந்தது.

– கி.

அன்புள்ள கி.,

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் அந்தச் சுவரை நீங்கள் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

1348இல் டார்செட் கடற்கரை வழியாக இங்கிலாந்துக்குள் நுழைந்த கொள்ளைநோய், இரண்டே ஆண்டுகளில் நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கொண்டுபோனது. சாகக் கிடந்தவர்களுக்குக் கடைசிச் சடங்கு செய்யப் போன பங்குத் தந்தையரும் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். அது ஓய்ந்தபின் ஆஷ்வெல்லில் யாரோ ஒருவர் கோபுரத்தின் வடக்குச் சுவரில் லத்தீனில் கீறினார். ஆண்டைச் செய்யுள்போலச் சொல்கிறார்: ஆயிரம், மும்முறை நூறு, ஐம்முறை பத்து. அதாவது 1350. தொடர்ந்து மூன்று சொற்கள்: இரங்கத்தக்கது, கொடியது, மூர்க்கமானது. பிறகுதான் என்னை உலுக்கும் வரி வருகிறது: 'மக்களில் கடையர் எஞ்சியிருக்கிறார்கள், சாட்சியாக.'

'பெஸ்ஸிமா' என்பது அவர் போட்ட சொல். மிக மோசமான, மிக இழிந்த என்று பொருள். பிழைத்ததற்கு அவர் நன்றி சொல்லவில்லை. நல்லவர்களெல்லாம் போய்விட்டார்கள், கழிவு மட்டும் மிஞ்சியிருக்கிறது, அந்தக் கழிவில் நானும் ஒருவன் என்கிறார். வீட்டில் அடுத்தடுத்துச் சாவு கண்டவர்களுக்கு இந்தக் குரலை விளக்க வேண்டியதில்லை.

எழுத்து அதோடு நிற்கவில்லை. 1361இல் நோய் திரும்பி வந்து குழந்தைகளை அதிகமாகக் கொண்டுபோனது. அந்த ஆண்டின் கடைசியில், புனித மௌருஸ் திருநாளன்று, பெருங்காற்று அடித்தது. ஆண்டு மார்ச் 25இல் பிறந்த காலம் அது. நம் கணக்கில் 1362 ஜனவரி 15. நார்விச் பேராலயத்தின் கூர்முடியையே சாய்த்த காற்று. 'மௌருஸ் உலகில் முழங்குகிறான்' என்று அதுவும் சுவரில் ஏறிவிட்டது.

ஊரார் ஏன் விட்டுவைத்தார்கள் என்று கேட்டீர்கள். அக்காலத்துப் பங்குக் கோயிலில் பீடப் பகுதியைப் பராமரிப்பது குருவின் பொறுப்பு. மக்கள் நிற்கும் நடுக்கூடம் ஊராரின் பொறுப்பு. மழை ஒழுகினால் அவர்கள்தான் கூரை போட வேண்டும். சொந்த வீட்டுச் சுவர்போல அதில் எழுதினார்கள். நார்ஃபோக்கின் பிளேக்னி கோயில் தூண்களில் கடலோடிகளின் ஊர் கப்பல்களைக் கீறி வைத்திருக்கிறது. ஆஷ்வெல்லிலேயே ஒரு தூணில், மூலைகள் சரியாகப் பொருந்தவில்லை, காறித் துப்புகிறேன் என்று கட்டட வேலை தெரிந்த ஒருவர் கோபத்தோடு எழுதியிருக்கிறார். லண்டனின் பழைய புனித பவுல் பேராலயம் என்று கருதப்படும் படம் ஒன்றும் அங்கே இருக்கிறது. அந்தப் பேராலயம் 1666 தீயில் அழிந்தது. கிராமத்துக் கீறல் நிற்கிறது.

இதற்கெல்லாம் இடம் கொடுத்தது கல்தான். 'கிளஞ்ச்' என்கிற மென்மையான சுண்ணக்கல். வெளியே மழையும் பனியும் அதை அரித்துவிடும். உள்ளே கத்தி முனை பட்டால் போதும், எழுத்து விழுந்துவிடும். அந்தக் கல்லை அடுக்கித்தான் 176 அடிக் கோபுரத்தை எழுப்பினார்கள். நோய்க்கு முன் தொடங்கிய கோயில் வேலை, பிழைத்தவர்களின் கையால் 1381 வாக்கில் முடிந்தது.

மறுபடி போகும்போது ஒரு கைவிளக்கை எடுத்துச் செல்லுங்கள். சுவருக்கு நேராகப் பிடிக்க வேண்டாம். சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். கீறலின் ஒரு விளிம்பில் நிழல் விழும். எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும்.